இதோ, தண்ணீர் இருக்கிறதே

1994-ஆம் ஆண்டு, ஆடி மாதம். பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் வார்டில் அன்று எனக்கு இரவு டூட்டி. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட ஓர் ஆண் குழந்தை, எடை 900 கிராம். மாலையிலிருந்தே மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. டாக்டர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, வீட்டாரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரண்டு மணி இருக்கும். குழந்தையின் ஆச்சி கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். அழவில்லை.

"ஐயரைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது. அவர் நாசரேத்துப் பக்கமிருந்து வரவேண்டும். அதுவரைக்கும் பிள்ளை தாங்குமா சிஸ்டர்?"

ஐயர் என்று நாங்கள் சொல்வது சபைக் குருவானவரை. பிள்ளை இறப்பதற்குள் அவர் வந்து ஞானஸ்நானம் கொடுத்துவிடவேண்டும் என்பது வீட்டாரின் தவிப்பு. தாங்காது என்று எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தே அவருக்கும் தெரிந்துவிட்டது. "அப்படியானால் நீங்களே தண்ணீர் ஊற்றிவிடுங்கள், தாயே" என்றார்.

நான் உபதேசியார் வீட்டுப் பிள்ளை; ஐயருக்குத் துணையாகச் சபையில் போதிப்பவர் உபதேசியார். செம்மணல் தேரி ஓரத்து ஊரில், கிறிஸ்தவக் கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவள். ஐயர் அங்கி அணிந்து கல் தொட்டியருகே நின்று கொடுப்பதுதான் ஞானஸ்நானம் என்று நினைத்திருந்தவள். என் கை ஓடவில்லை. என்னோடு அன்று டூட்டியில் இருந்த சிஸ்டர் மணப்பாட்டுக்காரர், கத்தோலிக்கர். அவர்தான் என் தோளைத் தொட்டு, "கொடுங்கள். அவசரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தண்ணீர் வேண்டும், அந்த வார்த்தை வேண்டும், திருச்சபை கொடுப்பதைக் கொடுக்கிறேன் என்ற எண்ணம் வேண்டும். அவ்வளவுதான்" என்றார்.

ஊசி மருந்து கலக்குகிற சுத்தமான தண்ணீரை 5 மில்லி சிரிஞ்சில் எடுத்தேன். குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்த உடம்பு தாங்காது. அதனால் சிரிஞ்சை உள்ளங்கையில் மூடி வைத்துச் சூடாக்கினேன். ஆக்ஸிஜன் கூட்டை எடுக்காமல், பக்கத்துத் துவாரம் வழியாகக் கையை நுழைத்தேன். அந்த நெற்றி என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் அகலம். தோல் வழியே நீல நரம்பு தெரிந்தது. ஆச்சி சொன்ன பெயரைச் சொல்லி, "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று மூன்று முறை சொட்டுச் சொட்டாக விட்டேன். மூன்றாவது சொட்டு வழிந்து புருவத்தில் நின்றது. பஞ்சால் ஒற்றியெடுத்தேன். நாலரை மணிக்குப் பிள்ளை போய்விட்டது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த இன்குபேட்டரில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அதுவும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைதான். மறுநாள் பகல் டூட்டியில், யாரும் எதிர்பாராத நேரத்தில் அதுவும் இறந்துவிட்டது. தண்ணீர் ஊற்ற யாருக்கும் தோன்றவில்லை, நேரமும் இல்லை. அந்தத் தாய் வார்டில் படுத்திருக்கையில், ஜெபிக்க வந்த ஒரு பெண்மணி அவளிடம், "ஞானஸ்நானம் இல்லாமல் போய்விட்டதே, ஐயோ, பரலோகம் எப்படிக் கிடைக்கும்?" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரவு நான் டூட்டிக்கு வந்ததும் அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேற்று பக்கத்துப் பிள்ளைக்கு ஊற்றினீர்களே. என் பிள்ளைக்கு ஏன் ஊற்றவில்லை? என் பிள்ளை எங்கே போனது, சிஸ்டர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. முப்பது வயதுவரை ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவளுக்கு இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் போனதே என்ற வெட்கம். அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன்.

முதலில் மணப்பாட்டு சிஸ்டரிடமே கேட்டேன். ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு அவசியம் என்றுதான் எங்கள் திருச்சபை கற்பிக்கிறது என்றார். ஆனால் அதோடு இன்னொன்றும் உண்டு என்றார். கடவுள் இரட்சிப்பை ஞானஸ்நானத்தோடு இணைத்திருக்கிறார். ஆனால் அவர் தம்முடைய அருட்சாதனங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. அதைப் பெற விரும்பி, பெறுவதற்குள் இறந்தவருக்கு அந்த விருப்பமே ஞானஸ்நானம். விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவருக்கு அவர் சிந்திய இரத்தமே ஞானஸ்நானம். தண்ணீர் பெறாத குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைத்து நம்பிக்கையோடிருப்பதே இன்றைய கத்தோலிக்கப் போதனை. இதைச் சொல்லிவிட்டு அவர் தம் ஊர்க் கதையையும் சொன்னார். 1530-களில் முத்துக்குளித்துறைக் கடற்கரை மக்களான பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். சில ஆண்டுகள் கழித்து, 1542-இல் இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை. அவர் ஜெபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழில் எழுதச் சொல்லி, தாமே மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்றுக்கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனது என்று 1544-இல் கடிதம் எழுதியவரும் அவர்தான். அங்கே தண்ணீர் முந்தியது, போதனை பிந்தியது.

அடுத்து அப்பா. ஊருக்குப் போனபோது திண்ணையில் உட்கார்த்தி வைத்துக் கேட்டேன். அப்பா எதையும் சட்டென்று சொல்கிறவர் அல்ல. வேதாகமத்தை எடுத்து, "நீயே படி" என்று பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். மாற்கு 16:16-ஐப் படித்தேன்: "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான், விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்."

"பின்பாதியில் தண்ணீர் இருக்கிறதா, பார்" என்றார்.

இல்லை. விசுவாசியாதவன் என்றுதான் இருக்கிறது, ஞானஸ்நானம் பெறாதவன் என்று இல்லை. அந்த வசனத்தை எத்தனை தடவை ஒப்பித்திருப்பேன்! ஒருநாளும் கண்ணில் படவில்லை. பிறகு, பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்வனிடம் இயேசு சொன்னது: "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." அவனை யாரும் இறக்கிக் குளத்துக்குக் கொண்டுபோகவில்லை. அப்போஸ்தலர் 10-இல் கொர்நேலியுவின் வீட்டாருக்கு ஆவியானவர் முதலில் இறங்கினார், தண்ணீர் பிறகு வந்தது. இதையெல்லாம் படித்ததும், அப்படியானால் தண்ணீர் தேவையே இல்லையா என்று கேட்டுவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் வந்தது. யோவான் 3:5-ஐ எடுத்தார்: ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டான். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். பிலிப்பி சிறைச்சாலைக்காரன் அந்த இராத்திரியிலேயே வீட்டாரோடு பெற்றுக்கொண்டான், விடியட்டும் என்று வைக்கவில்லை. "கள்வனுக்கு வழியில்லை. உனக்கு வழியிருக்கிறது. வழியிருக்கிறவன் கள்வனைக் காட்டித் தப்பிக்கக் கூடாது" என்றார்.

இதைக் கேட்ட பிறகுதான் அந்தத் தாய்க்கு நான் சொல்லியிருக்க வேண்டியது எனக்குப் புரிந்தது. தண்ணீர் கட்டளை, நமக்கு. அந்தக் கட்டளையை வைத்துக்கொண்டு நாம் கடவுளுக்கு வேலி போட முடியாது. அவள் பிள்ளை எதையும் மறுக்கவில்லை, எதையும் தள்ளிவைக்கவில்லை. அதற்கு வழியில்லை, அவ்வளவுதான். பிற்பாடு எத்தனையோ தாய்மாரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் மட்டும் சொல்லக் கிடைக்கவில்லை.

சபைக்குச் சபை இதில் வேறுபாடு உண்டு. லுத்தரன் சபையார் ஞானஸ்நானத்தைக் கிருபையின் வாய்க்காலாகவே பார்க்கிறார்கள். சகோதரர் சபையாரும் பாப்டிஸ்டுகளும் அது இரட்சிக்கப்பட்டதற்குச் சாட்சி, இரட்சிப்புக்குக் காரணம் அல்ல என்கிறார்கள். முழுக்கு, அதாவது தண்ணீரில் முழுவதும் மூழ்கிப் பெறும் ஞானஸ்நானம், எடுத்தால்தான் பாவமன்னிப்பு என்று கற்பிக்கிற சபைகளும் இருக்கின்றன. இரட்சணிய சேனையார் (சால்வேஷன் ஆர்மி) 1883-லிருந்து தண்ணீர் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. சேனையைச் சேர்ந்த ஓர் அக்கா எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். ஒவ்வொரு நோயாளிக்காகவும் முழங்காலில் நிற்பார். அவர் இரட்சிக்கப்படவில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, இன்றும் எழாது.

இனி என் தம்பி கதை. 1998 ஜனவரி. கல்லூரி முடித்த கையோடு ஒரு பெந்தெகொஸ்தே ஐக்கியத்தில் சேர்ந்திருந்தான். ஒருநாள் காலையில் என் குவார்ட்டர்ஸுக்கு வந்து, "அக்கா, நாளைக்கு முழுக்கு எடுக்கப் போகிறேன். நீ மட்டுமாவது வா" என்றான். அப்பாவிடம் சொல்லவில்லை. நான் போனேன். சேரன்மகாதேவிப் பக்கம், மருத மரங்கள் நிற்கிற ஒரு படித்துறை. ஏழெட்டுப் பேர் வெள்ளை உடையில் பாடிக்கொண்டு நின்றார்கள். தண்ணீரில் இறங்கும்போது தம்பியின் தாடை குளிரில் ஆடியது. பாஸ்டர் ஒரு கையால் அவன் முதுகையும் மறு கையால் கூப்பிய கைகளையும் பிடித்துப் பின்னால் சாய்த்து முழுக்கினார். எழுந்தபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு எழுவது என்று ரோமர் 6-இல் பவுல் சொல்வதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். தொட்டியருகே அது அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. அதை ஒத்துக்கொள்வதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

ஆனால் வீட்டில் நடந்தது வேறு. செய்தி கேட்டு அப்பா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து தம்பியின் ஞானஸ்நான சர்டிபிகேட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். தம்பி, "அது வெறுமனே தலையை நனைத்தது, அப்பா. எனக்கு என்ன தெரியும் அப்போது?" என்றான்.

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு கடவுளுக்கு முன்பாக வாக்குக் கொடுத்தவன் நான். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாக்கைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். அதைத்தான் நீ வெறும் நனைப்பு என்கிறாய்."

மூன்று வருஷம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா நடுவில் கிடந்து தேய்ந்தார். தம்பி திருமணத்துக்குக் கோயிலில் ஓலை வாசிக்க, அதாவது திருமண அறிவிப்புச் செய்ய, சபையில் மறுத்தார்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோதுதான் அவன் வீட்டுப்படி ஏறினான். இந்த மூன்று வருஷத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். மறுபடி முழுக்கு எடுக்கத் துணிகிறவர்களிடம் இன்று நான் கேட்பது ஒன்றுதான்: முதலில் பெற்றோரோடு உட்கார்ந்து பேசினீர்களா? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கம், லுத்தரன் சபைகள் ஒரே ஞானஸ்நானம் என்பதில் உறுதியாக இருக்கின்றன. குழந்தையாக இருந்தபோது பெற்றதே செல்லும், வயது வந்தபின் திடப்படுத்தலில் அதைத் தானே அறிக்கையிட்டு ஏற்றுக்கொள்ளலாம் என்பது அவர்கள் வழி. திருமணத்திலும் கல்லறையிலும் என்ன மாறும் என்று ஆற்றுக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எடுத்துவிட்டால், பெற்றோர் அன்று செய்ததைப் பழித்துப் பேசாதீர்கள். அவர்கள் விசுவாசத்தின் தோளில்தான் நீங்கள் ஆறுவரை வந்தீர்கள்.

நர்ஸாக இன்னொன்று சொல்லவேண்டும். தாமிரபரணி அமைதியாகத் தெரியும். மணல் அள்ளிய பள்ளங்கள் அடியில் கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் இடுப்பளவு இருந்த இடம் ஒரே மணி நேரத்தில் கழுத்தளவு ஆகிவிடும். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தாலும் அப்படித்தான். முதல் நாளே ஆள் இறங்கிக் கால் பார்த்த இடத்தில், இடுப்பளவுக்கு மேல் போகாமல் கொடுக்கவேண்டும். வலிப்பு, இருதய நோய், கர்ப்பம் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே பாஸ்டரிடம் சொல்லிவிடவேண்டும். முடியாதவர்களுக்குத் தலையில் ஊற்றுவது பிற்காலத்துச் சலுகை அல்ல. ஓடும் தண்ணீர் கிடைக்காவிட்டால் வேறு தண்ணீரில் கொடு, அதுவும் போதிய அளவு இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்று ஆதித் திருச்சபையின் போதனை நூலான டிடகேயிலேயே இருக்கிறது.

மருத்துவமனை வராந்தாவில் பலர் என்னிடம் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். உயிருக்குப் போராடும் குழந்தைக்கு நீங்களே தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வேறொன்றும் கலக்காத தண்ணீர், சில சொட்டு, தோலில் படவேண்டும். எண்ணெய் கூடாது. தேதி, நேரம், கொடுத்தவர் பெயர், கூட இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சபைக் குருவானவரிடம் கொடுங்கள். குழந்தை பிழைத்துவிட்டால் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சபையார் முன்னிலையில் ஏற்றுக்கொள்ளச் செய்வார்கள்; தண்ணீர் மறுபடி ஊற்றுவதில்லை. ஊற்றினார்களா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால், "நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்ற வார்த்தையோடு கொடுப்பார்கள். இது தெரியாமல் குழம்பிய குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, எங்கள் வார்டு உதவியாளர் அண்ணாச்சி. எங்கள் ஊரை ஒட்டிய குடியிருப்பைச் சேர்ந்தவர், ஆதிதிராவிடர். இருபது வருஷம் எங்கள் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஞாபகத்திலிருந்தே சங்கீதங்களைச் சொல்வார். அப்பமும் ரசமும் பெறும் நற்கருணைக்குச் சபையார் எழும்போது அவர் மட்டும் எழமாட்டார், ஞானஸ்நானம் பெறவில்லை. ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். "தண்ணீரில் இறங்கினால் பிள்ளைகளின் சாதி சர்டிபிகேட் போய்விடும் அம்மா. மூத்தவள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. 1950-ஆம் ஆண்டின் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறியவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், குழந்தைப் பருவத்தில் அவர் பெற்ற ஞானஸ்நானத்தையும் கணக்கில் எடுத்துத்தான் உச்ச நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை நிராகரித்தது. ஆகவே இப்படிப்பட்டவரைப் பார்த்து, "பரலோகம் பெரிதா, சர்டிபிகேட் பெரிதா?" என்று மேடையிலிருந்து கேட்பவர்களை என்னால் சகிக்க முடிவதில்லை. கேட்கிறவர்களின் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஒளித்துப் பெற்றுக்கொள் என்று யோசனை சொல்வதும் தவறு. ஊரறிய ஒப்புக்கொள்ளவேண்டியதைத் திருடனைப்போலச் செய்யவைப்பது அது. விலை என்ன என்பதை நேர்மையாக எடுத்துச் சொல்லி, அவர் தீர்மானிக்கும்வரை கூட இருப்பதுதான் சபையின் வேலை.

பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் கட்டிய கோயிலைத் தாண்டித்தான் நான் தினமும் டூட்டிக்குப் போவேன். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று அதைச் சொல்வோம். அந்தப் பிராமண விதவை ஞானஸ்நானம் கேட்டபோது ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்துவிட்டார். மணம் முடிக்காமல் ஓர் ஆங்கில அதிகாரியோடு அவர் வாழ்ந்துவந்ததுதான் காரணம். அந்த அதிகாரி இறந்த பின்பு, 1778-இல்தான் கொடுத்தார். திருநெல்வேலிச் சபையின் ஆரம்பமே அந்த அம்மாள்தான். தண்ணீருக்காகக் காத்திருந்த அத்தனை காலமும் அவரைக் கர்த்தர் வெளியே நிறுத்திவைத்திருந்தார் என்று யார் சொல்வார்கள்? கடைசி பெஞ்சில் அண்ணாச்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவுதான் வரும்.

2009-இல் அண்ணாச்சிக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். ஈஸ்டருக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஐயரிடம் பெயர் கொடுத்திருந்தார். ஈஸ்டருக்குப் பதினோரு நாள் இருக்கையில் இறந்துவிட்டார். சபைக் கமிட்டி கூடியது. பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்க முடியாது என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் மனதில் இருந்தது பதிவேடு மட்டும்தானா என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. தம்பிதான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்திருந்தான். ஞானஸ்நானம் பெறாமல் யாரையும் நற்கருணைக்கு விடாதே என்று வாழ்நாள் முழுவதும் கண்டிப்பாக இருந்த மனிதர் அவர். ஒரு மணி நேரம் எல்லோரையும் பேசவிட்டார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போனார்.

கல்லறைத் தோட்டத்தில் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். எங்கே வெட்டுவது என்று அப்பாவிடம் கேட்டார். அம்மாவின் கல்லறைக்கு இடப்பக்கம், தமக்கென்று விட்டுவைத்திருந்த இடத்தை அப்பா கைத்தடியால் காட்டினார்.